கிட்டில் ஒரே நேரத்தில் பல வேலைக்கிளைகள்: சிக்காமல் நடத்துவது எப்படி

கிட் என்பது நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி; கிளை என்பது அதில் தனியாக ஓடும் ஒரு மாற்ற வரிசை. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு பதிவு செய்யும் ஓர் இணையத்தளத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். திருகோணமலை நகரில் ஒருவர், உப்புவெளியில் ஒருவர், கிண்ணியாவில் ஒருவர் என மூவர் நிரல் எழுதுகிறார்கள். உள்நாட்டார், வெளிநாட்டார் கட்டணங்களைப் பிரிப்பது ஒரு வேலை. பதிவு உறுதியானதும் குறுஞ்செய்தி அனுப்புவது இன்னொன்று. தமிழ், சிங்கள, ஆங்கில உரைகளைத் திருத்துவது மூன்றாவது. மூன்றும் அரைகுறையாக நிற்கும்போது படகுக்காரர் அழைக்கிறார்: வாடைக்காற்று தொடங்கிவிட்டது, கடல் கொந்தளிக்கும் நாளில் பதிவை நிறுத்த ஒரு பொத்தான் இன்றைக்கே வேண்டும். அந்த நான்காவது வேலை மட்டும், மற்ற மூன்றின் துரும்புகூட ஒட்டாமல், மாலைக்குள் மெயின் என்ற முதன்மைக் கிளைக்குப் போக வேண்டும். கிளைகளை ஒழுங்காக வைத்திருந்தால் இது அரைமணி நேர வேலை. கலந்து வைத்திருந்தால் இரவு முழுக்கப் போகும்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறோம். முனையத்தில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கிளைகளின் பெயர் மட்டும் தமிழிலேயே இருக்கலாம், கிட் அதை ஏற்கும். கோப்புப் பெயர்களும் அப்படித்தான். ஆனால் தமிழ்ப் பெயருள்ள கோப்பை ஸ்டேட்டஸ் கட்டளை \340\256\225 என்று எண்களாகக் காட்டும். அது பழுதல்ல, 'க' என்ற எழுத்தின் பைட்டுகள். கொன்ஃபிக்கில், அதாவது கிட்டின் அமைப்புகளில், கோர்.கோட்பாத் என்பதை ஃபோல்ஸ் ஆக்கினால் எழுத்துகள் திரும்பிவிடும்.

எங்கிருந்து பிரிப்பது

சிக்கல்களில் பெரும்பகுதி கிளையைப் பிரிக்கும் நொடியிலேயே தொடங்குகிறது. கட்டணக் கிளையில் நின்றபடி, ஞாபகமில்லாமல் அங்கிருந்தே குறுஞ்செய்திக் கிளையைப் பிரித்துவிடுவார்கள். இனிக் கட்டணம் போகாமல் குறுஞ்செய்தி போகாது. ஆகவே எங்கே நிற்கிறீர்கள் என்பதை நம்பாமல், தொடக்கப் புள்ளியைக் கட்டளையிலேயே சொல்லுங்கள் (ஒரிஜின் என்பது எல்லோரும் பகிரும் சேவையகப் பிரதி, ஃபெட்ச் அதன் புதிய நிலையை இறக்கும்):

கிட் ஃபெட்ச் ஒரிஜின்
கிட் சுவிட்ச் --நோ-ட்ராக் -சி குறுஞ்செய்தி ஒரிஜின்/மெயின்

சுவிட்ச் கட்டளை 2019 ஓகஸ்டில் வந்த 2.23 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதற்கு முந்தையதென்றால் செக்அவுட் -பி. நோ-ட்ராக் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால் புதுக்கிளையின் மேல்நிலைக் கிளையாக (அப்ஸ்ட்ரீம், அதாவது ஒரிஜினில் அதற்கு இணையான கிளையாக) ஒரிஜின்/மெயின் பதிவாகிவிடும். புஷ்.டிஃபோல்ட் வழமையான சிம்பிளில் இருந்தால் பெயர் பொருந்தவில்லை என்று புஷ் (ஒரிஜினுக்கு அனுப்பும் கட்டளை) மறுக்கும், அவ்வளவுதான். யாராவது அதை அப்ஸ்ட்ரீம் என்று மாற்றி வைத்திருந்தால் உங்கள் அரைகுறை வேலை நேரே மெயினில் போய் விழும். முதல் புஷ்ஷை -யு சேர்த்துக் கொடுத்தால் சரியான இணைப்பு தானாக அமையும்.

ஒரு கிளைக்கு ஒரு வேலை. 'கட்டணம் பிரிப்பு, கொஞ்சம் சுத்தம், ஒரு சின்னத் திருத்தம்' என்று விளக்கம் எழுத நேர்ந்தால் அது மூன்று கிளை.

வேலை நடுவே இன்னொரு வேலை

படகுக்காரரின் பொத்தானுக்காக இப்போது நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதை விட்டு எழ வேண்டும். ஸ்டாஷ் செய்வது, அதாவது மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பது, எல்லோருக்கும் பழக்கம். ஆனால் ஸ்டாஷ் எந்தக் கிளைக்கும் சொந்தமில்லாத ஒரு குவியல். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் ஸ்டாஷ் 0, 1, 2 என்று கிடக்கும், எது எதற்கென்று தெரியாது. இரண்டு நிமிட வேலைக்கு ஸ்டாஷ் போதும். அதற்கு மேலென்றால் அரைகுறை என்று பெயரிட்டுக் கொமிட் செய்துவிடுவது, அதாவது கிளையில் பதிந்துவிடுவது, நல்லது. திரும்பி வந்து கிட் ரீசெட் ஹெட்~1 (ஒரு கொமிட் பின்னே) கொடுத்தால் மாற்றங்கள் கோப்புகளில் அப்படியே இருக்கும், கொமிட் மட்டும் கழன்றுவிடும். மின்வெட்டு வந்தாலும் கொமிட் செய்தது கிளையின் பெயரிலேயே இருக்கும்.

இதைவிட நல்ல வழி வேர்க்ட்ரீ, அதாவது ஒரே களஞ்சியத்துக்கு இன்னொரு வேலைக் கோப்புறை. 2015இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து உண்டு. இன்னும் பலர் தொட்டுப் பார்க்காதது ஏனென்று புரியவில்லை.

கிட் வேர்க்ட்ரீ அட் --நோ-ட்ராக் -பி நிறுத்தம் ../நிறுத்தம் ஒரிஜின்/மெயின்

பக்கத்தில் புதுக் கோப்புறை உருவாகும். மீண்டும் குளோன் (முழுப் பிரதி) எடுப்பதில்லை, அதனால் கைத்தொலைபேசி டேட்டாவும் செலவாகாது. பழைய கோப்புறையில் எடிட்டர் திறந்தது திறந்தபடி இருக்க, இங்கே பொத்தானை முடித்து அனுப்பலாம். மறக்கக்கூடாதவை: கிட் கண்காணிக்காத கோப்புகள், அதாவது கடவுச்சொல் அமைப்புகளும் நிறுவிய நூலகங்களும், புதுக் கோப்புறையில் இருக்காது, மீண்டும் போட வேண்டும். ஒரே கிளையை இரண்டு கோப்புறைகளில் திறக்க கிட் விடாது. வேலை முடிந்ததும் கோப்புறையைக் கையால் அழிக்காமல் வேர்க்ட்ரீ ரிமூவ் கொடுங்கள். அழித்துவிட்டீர்களென்றால் வேர்க்ட்ரீ ப்ரூன் மிச்சப் பதிவைத் துடைக்கும்.

மாற்றம் தவறான கிளையில் விழுந்தால்

இது எல்லோருக்கும் வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும்.

இன்னும் கொமிட் செய்யவில்லையென்றால் நேரே சரியான கிளைக்கு சுவிட்ச் செய்யுங்கள். நீங்கள் தொட்ட கோப்புகள் இரு கிளைகளிலும் ஒன்றாக இருந்தால் மாற்றங்கள் கூடவே வரும். இல்லையென்றால் கிட் மறுக்கும். அப்போது ஸ்டாஷ், சுவிட்ச், ஸ்டாஷ் பொப் (ஒதுக்கியதை மீட்பது). ஒரே கோப்பில் இரண்டு வேலையின் வரிகள் கலந்திருந்தால் கிட் அட் --பேட்ச். துண்டு துண்டாகக் காட்டிக் கேட்கும்: ஆம் என்றால் ஒய், வேண்டாமென்றால் என், துண்டைப் பிளக்க எஸ், எஸ்ஸும் பிளக்காத இடத்தில் கையாலேயே திருத்த இ.

தவறுதலாக மெயினிலேயே இரண்டு கொமிட் போட்டுவிட்டீர்கள், ஆனால் புஷ் செய்யவில்லை:

கிட் பிராஞ்ச் குறுஞ்செய்தி
கிட் ரீசெட் --கீப் ஒரிஜின்/மெயின்
கிட் சுவிட்ச் குறுஞ்செய்தி

முதல் வரி அந்த இடத்தில் ஒரு பெயரை நடுகிறது. இரண்டாவது மெயினைப் பின்னுக்கு இழுக்கிறது. பலர் இங்கே ஹார்ட் என்று கொடுப்பார்கள். கொமிட் செய்யாத மாற்றம் ஏதும் இருந்தால் ஹார்ட் கேட்காமல் அழித்துவிடும். கீப் அப்படி அழிக்க நேர்ந்தால் நின்றுவிடும்.

கிளையின் நடுவில் அன்னியக் கொமிட் ஒன்று மாட்டியிருந்தால், முதலில் சரியான கிளைக்குப் போய் அதன் ஹாஷைக் (கொமிட்டின் அடையாள எண்ணை) கொடுத்து செரி-பிக் செய்யுங்கள், அதாவது அங்கே பிரதி எடுங்கள். பிறகு பழைய கிளைக்குத் திரும்பி, கொமிட்டுகளை மறுபடி அடுக்கும் ரீபேஸை, ரீபேஸ் -ஐ மெயின் என்று திறந்து பட்டியலில் அந்த வரியை நீக்குங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்: பிரதி எடுத்த பிறகே மூலத்தை நீக்குவது.

இரு கிளைக்கும் ஒரே திருத்தம் தேவைப்படும்போது

தொலைபேசி எண்ணைச் சரிபார்க்கும் இடத்தில் பழுது. குறுஞ்செய்திக்கும் அது வேண்டும், கட்டணத்துக்கும் வேண்டும். ஒன்றில் திருத்தி மற்றதுக்கு செரி-பிக் செய்வது கைக்கு வருவதுதான், ஆனால் இப்போது ஒரே மாற்றம் இரு ஹாஷ்களில் இருக்கிறது. இரண்டும் மாறாமல் மெயினுக்குப் போனால் தொல்லையில்லை. வில்லங்கம் வேறிடத்தில். அந்தத் திருத்தம் தவறென்று தெரிந்து கட்டணக் கிளையில் மட்டும் ரிவேர்ட் (எதிர் மாற்றத்தால் ரத்து) செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு கிளையும் மெயினில் சேர்ந்த பின் பார்த்தால் தவறான திருத்தம் உயிரோடு இருக்கும், முரண் என்று ஓர் எச்சரிக்கையும் வந்திருக்காது. கிளைகளை இணைக்கும் மேர்ஜ் பார்ப்பது பொது மூதாதையையும் (இரண்டும் பிரிந்த கொமிட்) இரு முனைகளையும் மட்டுமே. ரிவேர்ட் செய்த முனை மூதாதையைப் போலவே இருப்பதால் 'இந்தப் பக்கம் எதுவும் மாறவில்லை' என்று கணக்கிட்டு மற்றப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறது.

சரியான முறை: திருத்தத்துக்கென்று தனிக்கிளை, மெயினிலிருந்து பிரித்து, முதலில் அதை மெயினுக்கு அனுப்பிவிட்டு இரு வேலைக்கிளைகளையும் அதன் மேல் ரீபேஸ் செய்வது. உடனே மெயினுக்குப் போக வழியில்லை என்றால், அந்தத் திருத்தக் கிளையை இரண்டிலும் மேர்ஜ் செய்யுங்கள். ஹாஷ் ஒன்றாகவே இருக்கும். பிற்பாடு கிட் அதை ஒரே மாற்றமாக அறியும்.

ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் கிளைகள்

சில வேளை சார்பு உண்மையானது. குறுஞ்செய்தியில் செலுத்த வேண்டிய தொகை வர வேண்டும்; அந்தக் கணக்குக் கட்டணக் கிளையில்தான் இருக்கிறது. அப்போது குறுஞ்செய்தியைக் கட்டணத்தின் முனையிலிருந்து பிரிப்பதில் தவறில்லை, தெரிந்து செய்தால். கட்டணத்தில் முதல், இரண்டாம் கொமிட்டுகள். அதன்மேல் குறுஞ்செய்தியில் மூன்று, நான்கு.

கட்டணத்தின் முதல் கொமிட்டில் திருத்தம் கேட்கிறார் கிண்ணியாக்காரர். கீழ்க்கிளையை மாற்றினால் மேற்கிளை அந்தரத்தில் நிற்கும் என்று பயந்து பலர் மேலே இன்னொரு கொமிட் போட்டு ஒப்பேற்றுவார்கள். தேவையில்லை. மேல்முனையில், அதாவது குறுஞ்செய்தியிலேயே நின்று திருத்தத்தை எழுதி:

கிட் கொமிட் --ஃபிக்ஸ்அப் (முதல் கொமிட்டின் ஹாஷ்)
கிட் ரீபேஸ் -ஐ --ஓட்டோஸ்குவாஷ் --அப்டேட்-ரெஃப்ஸ் மெயின்

திறக்கும் பட்டியலில் திருத்தம் தன் முதல் கொமிட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்திருக்கும். இரண்டாம் கொமிட்டுக்குக் கீழே அப்டேட்-ரெஃப் என்று கட்டணத்தின் பெயரோடு ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் கட்டணக் கிளையைப் புது இடத்துக்கு நகர்த்துகிறது, அதைத் தொடாதீர்கள். இந்த வசதி 2022 ஒக்டோபரில் வந்த 2.38 பதிப்பிலிருந்து. ரீபேஸ்.அப்டேட்ரெஃப்ஸ் என்பதைக் கொன்ஃபிக்கில் ட்ரூ ஆக்கிவிட்டால் ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டியதில்லை.

இதிலும் ஒரு பொறி உண்டு. வேறொரு வேர்க்ட்ரீயில் திறந்திருக்கும் கிளையை அப்டேட்-ரெஃப்ஸ் நகர்த்தாது. கட்டணத்தைப் பக்கத்துக் கோப்புறையில் திறந்து வைத்துவிட்டு இங்கே ரீபேஸ் செய்தால் அது பழைய இடத்திலேயே நிற்கும். அடுக்குக் கிளைகளை ஒரே கோப்புறையில் வைத்துக்கொண்டு, தொடர்பில்லாத வேலைகளுக்கு மட்டும் வேர்க்ட்ரீயைப் பயன்படுத்துங்கள்.

இனி மெய்யான தலைவலி: கட்டணம் மெயினுக்குப் போகிறது, அதுவும் ஸ்குவாஷ் முறையில். இரு கொமிட்டும் சேர்ந்து மெயினில் ஒரே புதுக் கொமிட் ஆகிவிட்டன. குறுஞ்செய்திக் கிளைக்கு அது தெரியாது. பழைய முதல், இரண்டாம் கொமிட்டுகளை இன்னும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கிட் ரீபேஸ் மெயின் என்று கொடுத்தால், ஏற்கெனவே உள்ளே போனதையே மறுபடி போட முயன்று, நீங்களே எழுதிய வரியோடு நீங்களே மோதுவீர்கள். எங்கிருந்து வெட்டுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்:

கிட் ரீபேஸ் --ஆன்டூ ஒரிஜின்/மெயின் கட்டணம் குறுஞ்செய்தி

வலமிருந்து இடமாகப் படித்தால் விளங்கும்: குறுஞ்செய்தியில் இருப்பவற்றில், கட்டணத்தில் உள்ளவற்றைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத் தூக்கி ஒரிஜின்/மெயின் மேல் வை. மூன்றும் நான்கும் மட்டும் நகரும். இதற்குக் கட்டணக் கிளையின் பழைய முனை தேவை. அதனால் மெயினுக்குப் போனதும் கீழ்க்கிளையை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அழித்திருந்தால் லொக்கில் (கொமிட் வரலாற்றில்) இரண்டாம் கொமிட்டின் ஹாஷைத் தேடி, கட்டணம் என்ற இடத்தில் அதைக் கொடுக்கலாம். ஸ்குவாஷ் இல்லாமல் சாதாரண மேர்ஜாகப் போயிருந்தால் இந்தச் சுற்று எதுவும் வேண்டாம்.

ரீபேஸுக்குப் பின் சரியாக வந்ததா என்று பார்க்க ரேஞ்ச்-டிஃப் இருக்கிறது, 2.19 பதிப்பிலிருந்து. பழைய கொமிட் வரிசையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எந்தக் கொமிட் மாறியது, எது காணாமல் போனது என்று காட்டும். மூன்று அடுக்குக்கு மேல் போகாதீர்கள். நான்காவது அடுக்கு தேவைப்படுகிறதென்றால் கீழே உள்ளது மெயினுக்குப் போவது தாமதமாகிறது என்று பொருள். அதைத் தள்ளுவதில் நேரம் செலவிடுங்கள்.

மொழிக் கோப்புகள்

மும்மொழித் தளங்களில் கிளைகள் அதிகம் மோதுவது நிரலில் அல்ல, உரைக் கோப்பில். உரைகளை வைத்திருக்கும் ஜேசன் வகைக் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தால் அதற்கு முந்தைய வரியில் காற்புள்ளி போட வேண்டும். ஆக இரு கிளைகள் கடைசியில் சேர்த்தால் முரண் நிச்சயம். அகரவரிசையில் சேர்ப்பது என்று முடிவு செய்தாலே பாதி முரண்கள் போய்விடும். ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கோப்பு என்று பிரித்தால் இன்னும் நல்லது. கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் மேர்ஜ்=யூனியன் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது இரு பக்க வரிகளையும் அப்படியே வைத்துக்கொள்ளும்; வெறும் பட்டியலுக்குச் சரி, ஜேசனில் காற்புள்ளி விடுபட்டுக் கோப்பே உடையும்.

கண்ணுக்குத் தெரியாத முரண்களும் உண்டு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். இருவரின் தட்டச்சுக் கருவிகள் வேறாக இருந்தால் திரையில் ஒன்றுபோலத் தெரியும் வரியை, ஒப்பிட்டுக் காட்டும் டிஃப் மாறியதாகக் காட்டும். சிங்களத்தில் கூட்டெழுத்துக்குள் இருக்கும் அகலமற்ற இணைப்பானைச் சில கருவிகள் தின்றுவிடும். தமிழ்க் கோப்புகளை ஒருமுறை என்எஃப்சி என்ற, குறிகளை ஒன்றாகச் சேர்த்த யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள், ஆனால் அது மட்டுமே உள்ள தனிக் கொமிட்டாக, திறந்த கிளைகள் குறைவாக உள்ள நாளில், மெயினில். எந்த வேலைக்கிளையிலும் போகிறபோக்கில் செய்யாதீர்கள். மற்ற எல்லாக் கிளைகளும் அந்தக் கோப்பில் மோதும். ஔகாரக் குறியின் வலப்பாதிக்குப் பதில் 'ள' தட்டப்பட்டதை இந்த மாற்றம் திருத்தாது, அது வேறெழுத்து. தேடித்தான் மாற்ற வேண்டும்.

சேர்த்துப் பார்க்க ஓர் ஒத்திகைக் கிளை

தனித்தனியே ஓடும் கிளைகள் சேர்ந்தால் ஓடுமா? கட்டணக் கிளையில் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றிவிட்டார்கள். குறுஞ்செய்தியில் பழைய பெயரால் புதிதாக அழைத்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கோப்பு, மேர்ஜ் சத்தமில்லாமல் முடியும், தளம் விழும். இதைக் கண்டுபிடிக்க வேலைக்கிளைகளை ஒன்றுக்குள் ஒன்று மேர்ஜ் செய்து பார்ப்பார்கள். செய்தபின் பிரிக்க முடியாது. தூக்கி எறிவதற்கென்றே ஒரு கிளை வையுங்கள்:

கிட் சுவிட்ச் --நோ-ட்ராக் -சி (பெரிய எழுத்து) ஒத்திகை ஒரிஜின்/மெயின்
கிட் மேர்ஜ் --நோ-எஃப்எஃப் கட்டணம்
கிட் மேர்ஜ் --நோ-எஃப்எஃப் குறுஞ்செய்தி
கிட் மேர்ஜ் --நோ-எஃப்எஃப் உரைகள்

பிறகு சோதனைகளை ஓட்டுங்கள். பெரிய எழுத்துச் சி பழைய ஒத்திகையை அழித்துப் புதிதாகத் தொடங்கும். கிளைகளை ஒரே கட்டளையில் அடுக்காமல் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எது மோதுகிறது என்று தெரியும். கிட்டை உருவாக்குபவர்களே இப்படித்தான் செய்கிறார்கள்: 2005 முதல் அதைப் பராமரிக்கும் ஜூனியோ ஹமானோ, நடப்பிலுள்ள கிளைகளைச் சேர்த்து 'சீன்' என்ற கிளையைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார். ஒத்திகையிலிருந்து கிளை பிரிக்கக்கூடாது, அதை மெயினுக்கு மேர்ஜ் செய்யவும் கூடாது. உடைந்தால் திருத்தம் அதற்குரிய வேலைக்கிளையில், ஒத்திகையில் அல்ல.

தினமும் அதே முரணைத் தீர்ப்பது சலிப்பு. அதற்கு ரெரெரெ:

கிட் கொன்ஃபிக் --குளோபல் ரெரெரெ.எனேபிள்ட் ட்ரூ

ஒருமுறை தீர்த்த முரணை நினைவில் வைத்து அடுத்தமுறை தானே போடும். தீர்த்தவை 60 நாளும் தீர்க்காதவை 15 நாளும் இருக்கும். தவறாகத் தீர்த்ததையும் அதே விசுவாசத்தோடு நினைவில் வைத்திருக்கும் என்பதுதான் சங்கடம். அப்போது அதே முரண் நிலையில் ரெரெரெ ஃபொர்கெட் என்று கோப்பின் பாதையைக் கொடுங்கள். மேர்ஜ்.கொன்ஃப்ளிக்ட்ஸ்டைல் என்பதை இசட்டிஃப்3 ஆக்கினால் இரு பக்கங்களோடு மூல வரியும் தெரியும். மூலம் தெரியாமல் முரண் தீர்ப்பது ஊகம்தான். இந்த இசட்டிஃப்3 வசதி 2.35 முதல் உண்டு.

புஷ், பின்வாங்கல், துப்புரவு

ரீபேஸ் செய்த கிளையை அனுப்ப வலுக்கட்டாயம் தேவை. வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், --ஃபோர்ஸ்-வித்-லீஸ் கொடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த பின் வேறு யாராவது அங்கே புஷ் செய்திருந்தால் அது நின்றுவிடும். ஆனால் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்யும் எடிட்டர் இருந்தால், நீங்கள் பார்க்காததையும் 'பார்த்தாயிற்று' என்று எடுத்துக்கொள்ளும். கூடவே --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் சேர்த்தால் அந்த ஓட்டை அடைபடும், 2.30 முதல். இருவர் சேர்ந்து எழுதும் கிளையை முன்கூட்டிச் சொல்லாமல் ரீபேஸ் செய்யாதீர்கள்.

மெயினில் சேர்ந்த கிளை பழுதென்றால் அந்த மேர்ஜ் கொமிட்டை ரிவேர்ட் -எம் 1 கொண்டு திருப்புங்கள். 1 என்பது மெயின் பக்கத்துப் பெற்றோர். சில நாள் கழித்துக் கிளையைத் திருத்தி மறுபடி மேர்ஜ் செய்தால் புதுத் திருத்தம் மட்டும் வரும், பழைய வேலை வராது. அந்தக் கொமிட்டுகள் ஏற்கெனவே வரலாற்றில் இருப்பதாக கிட் கருதுகிறது. முதலில் ரிவேர்ட்டையே ரிவேர்ட் செய்துவிட்டுப் பிறகு மேர்ஜ் செய்யுங்கள்.

முடிந்த கிளைகளைக் களைய கிட் பிராஞ்ச் --மேர்ஜ்ட் மெயின் காட்டும் பட்டியலை எடுத்து, சின்ன -டி கொடுத்து நீக்குங்கள்; மேல்நிலைக் கிளையில் (அது இல்லையென்றால் நீங்கள் நிற்கும் கிளையில்) சேராத கிளையென்றால் அது தடுக்கும். ஸ்குவாஷாகப் போனவை இந்தப் பட்டியலில் வரா, பெரிய -டி தேவைப்படலாம். கொடுக்குமுன் மெயினோடு ஒரு டிஃப் எடுத்துப் பாருங்கள். தவறி அழித்துவிட்டால் கிட் ரீஃப்லொக்கில் (நீங்கள் நின்ற இடங்களின் பதிவேட்டில்) அந்தக் கிளையில் கடைசியாக நின்ற ஹாஷ் இருக்கும்; அதைக் கொடுத்து கிட் பிராஞ்ச் மூலம் அதே பெயரை மறுபடி நடலாம். எந்தக் கிளையும் எட்டாத கொமிட்டுகளுக்கு ரீஃப்லொக் வழமையாக 30 நாள் வரைதான் அவகாசம் தரும். அதுவும் நீங்கள் வேலை செய்த அந்தக் கணினியில் மட்டும்.